பதினைந்தாவது வளைவு

ஓமலூர் தாண்டிக் காமலாபுரத்தில்
எங்கள் ரன்வே இருப்பது
கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடியில்.
பிற்பகல் இரண்டு மணி. தார் நெளிகிறது.
வெப்பமானியில் முப்பத்தெட்டு.
இந்த உயரத்துக்குப் பதின்மூன்று டிகிரிதான் நியாயம்
என்கிறது புத்தகம்.
எந்த ஊர் நியாயமோ.
சேலத்தில் மார்கழியில்கூட அது கிடைக்காது.

மிச்சம் இருபத்தைந்து.
டிகிரிக்கு நூற்றிருபது அடி,
பென்சிலால் பெருக்குகிறேன். மூவாயிரம்.
ஆக, நின்ற இடத்தில் நின்றபடியே
நாலாயிரம் அடிக்குப் போய்விட்டது விமானம்.
சக்கரம் காமலாபுரத்தில்,
மூச்சு ஏற்காட்டுச் சாலையில்
பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவில்.
குளிர் மட்டும் இல்லை.

அடுத்து எடை.
வெறும் விமானம் எழுநூற்று அறுபத்திரண்டு கிலோ.
நான் ஐம்பத்துநாலு.
கேப்டன் லோபோ தொண்ணூறு, கண்ணாடிக் கூட்டோடு.
பின் இருக்கையில் வேடிக்கை பார்க்க வரும் அர்ஷத்
எழுதிக் கொடுத்தது எழுபத்தொன்று.
எரிபொருள் நூற்று முப்பத்துநாலு.
கூட்டினால் ஆயிரத்து நூற்றுப் பதினொன்று.
அனுமதி எவ்வளவோ அவ்வளவு,
ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

அழகான கணக்கு.
அதனால்தான் வயிற்றைப் பிசைந்தது.
செவ்வாய்ப்பேட்டையில் என் அம்மா
கொலுசுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுப்பவள்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் நிறுப்பாள்.
"முள்ளு இவ்ளோ நேரா நின்னா
யாரோ கை வச்சிருக்காங்கடி" என்பாள்.
நான் ஒரு மணி நேரம் பறக்க
அவள் எத்தனை ஜோடி நிறுக்க வேண்டும் என்ற கணக்கை
நான் இதுவரை போட்டதில்லை.

சரக்கு எடைமேடையில் ஏறச் சொன்னேன்.
ஷூவைக் கழற்றினான். பெல்ட்டைக் கழற்றினான்.
மூச்சை வெளியே விட்டுப் பார்த்தான்.
எண்பத்திரண்டு.
"ஆம்பூர் போய்ட்டு வந்தேன்ல" என்றான்
கூரையைப் பார்த்து.
பதினோரு கிலோ பிரியாணிக்குப்
பதினாறு லிட்டர் எரிபொருளைக் குறைத்தேன்.
மறுபடி முதல் வரியிலிருந்து.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துச்
சேர்வராயனுக்கு நேராக ஒரு கோடு.
கடலே இல்லாத ஊரில் ஒன்பது கடல்மைல்.
மைலுக்கு முந்நூற்றெழுபது அடி ஏறினால்
மலைக்குப் போய்ச் சேரும்போது
நான் மலையின் நெஞ்சுக்கு நேராக இருப்பேன்.
மேலே அல்ல.
இரண்டு முறை அழித்தேன், தாள் மெலிந்தது.
கோடு எவ்வளவு நேராக இருந்ததோ
அவ்வளவு தப்பு.

பள்ளிச் சுற்றுலாவில்
ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தபோது
"நேரா ரோடு போட்டா என்னவாம்" என்று
திட்டியிருக்கிறேன் சாலை போட்டவர்களை.
அவர்களும் இப்படித்தான் அழித்திருப்பார்கள்.
புறப்பட்ட இடத்துக்கு மேலேயே மூன்று வட்டம்,
பிறகு மலை என்று எழுதினேன்.
பிற்பகல் இரண்டு மணியையும் அடித்துவிட்டுக்
காலை ஆறரை என்று எழுதினேன்.
லோபோ ஒன்றும் சொல்லவில்லை,
கையெழுத்துப் போட்டார்.

காலையில் இருபத்துநாலு டிகிரி.
ஐந்தாவது வளைவிலிருந்து புறப்படுவதாக
நினைத்துக்கொண்டு விசையை முழுக்கத் தள்ளினேன்.
முதல் வட்டத்தில் தண்டவாளம்,
இரண்டாவதில் அனல்மின் நிலையப் புகை,
மூன்றாவதில் ஒன்றும் பார்க்கவில்லை,
முள்ளையே பார்த்தேன்.
நிமிடத்துக்கு ஐந்நூற்றிருபது என்றது புத்தகம்.
முள் நானூற்றைம்பதைத் தாண்டவில்லை.
புத்தகம் எழுதியபோது
இன்ஜின் புதிது, ஓட்டியவனுக்குப் பழக்கம்.
எங்களிடம் இரண்டும் தலைகீழ்.

ஆனாலும் மலை கீழே போனது.
காப்பிச் செடிகளின் மேல் சில்வர் ஓக் நிழல் நீளமாக,
ஏதோ ஒரு வளைவில் பச்சைப் பேருந்து ஒன்று
பின்னால் வந்து, திரும்பி, மறுபடி ஏறியது.
பின் இருக்கையில் அர்ஷத் மூச்சே விடவில்லை.
அதுவும் எடை என்று நினைத்தான் போல.

இறங்கிய பிறகு
பதிவேட்டின் ஓரத்தில் குறித்து வைத்தேன்:
'ஏற்றம், எழுபது குறைவு.'
பென்சிலால் அல்ல.